பாத்து நடக்கக் கூடாதா?

நம் வீடுகளில் வயதான பெண்மணி ஒருவர் கீழே விழுந்தால், அவரைத் தூக்கி உட்கார வைப்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து விழும். ‘‘பாத்து நடக்கக் கூடாதா?’’

மகன் கேட்பார். மருமகள் கேட்பார். எட்டாவது படிக்கிற பேரன்கூடக் கேட்பான். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருகிற அத்தனை பேரும் கட்டில் ஓரத்தில் நின்று அதையே கேட்டுவிட்டுப் போவார்கள். பைக்கில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வருகிற பையனிடம் ‘‘எவன்டா இடிச்சான்?’’ என்று கேட்கிற அதே வீடுதான் இது. பாத்ரூமில் விழுந்த அம்மாவிடம் மட்டும் எவன் இடித்தான் என்று கேட்பதில்லை. விழுந்ததும் அவரே, விழ வைத்ததும் அவரே!

அப்புறம் தீர்ப்பின் இரண்டாம் பகுதி வரும். ‘‘என்ன பண்றது, வயசாயிடுச்சில்ல...’’ அதோடு ஃபைல் க்ளோஸ்.

நான் டாக்டர் இல்லை. படித்தது பி.காம். அதில் உருப்படியாக நினைவிருக்கிற விஷயங்களில் ஒன்று, தேய்மானம். ஒரு மெஷினை வாங்கினால் வருடா வருடம் இத்தனை சதவீதம் தேய்ந்துபோனதாகக் கணக்கு எழுதலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால், அதே கணக்குப் புத்தகத்தில் ‘பராமரிப்புச் செலவு’ என்று இன்னொரு வரியும் உண்டு. அந்த வரியில் பல வருடங்களாகப் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு, மெஷின் நின்றதும் ‘எல்லாம் தேய்மானம்’ என்று கை விரித்தால், எந்த ஆடிட்டரும் சும்மா விடமாட்டார். நம் வீட்டு அம்மாக்கள் விஷயத்தில் நாம் எழுதிக்கொண்டிருப்பது இந்தக் கணக்குதான். ‘வயசாயிடுச்சு’ என்பது நோயின் பெயர் இல்லை. பராமரிப்புச் செலவு செய்யாததை மறைக்க எழுதுகிற தேய்மானம்.

கோபம் வந்தால் கொஞ்சம் அடக்கிக்கொண்டு இதைப் படியுங்கள். அமெரிக்காவில் மேரி டினெட்டி என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும், தங்கள் வீடுகளில் வாழ்ந்துகொண்டிருந்த 75 வயது தாண்டியவர்கள் 336 பேரை ஒரு வருடம் கண்காணித்து, 1988-இல் கணக்கை வெளியிட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் 32 சதவீதம் பேர் ஒரு தடவையாவது விழுந்திருந்தார்கள். ‘பாத்தீங்களா, வயசுதான்’ என்று சொல்ல அவசரப்படாதீர்கள். தூக்க மாத்திரை, கால் பலவீனம், பாதத்தில் கோளாறு, நடையில் தடுமாற்றம், ஞாபகக் குறைவு என்று சில காரணங்களைப் பட்டியல் போட்டு, யாருக்கு எத்தனை இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லாதவர்களில் விழுந்தது 8 சதவீதம். நாலோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 78 சதவீதம்!

எல்லோரும் 75 தாண்டியவர்கள்தான். ஒரு கோஷ்டியில் 8, இன்னொரு கோஷ்டியில் 78. வயசுதான் முழுக் காரணம் என்றால் இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அந்தப் பட்டியலில் இருக்கிற பலவற்றை மாற்ற முடியும், குறைக்க முடியும். என் ஆத்திரமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நிற்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்கிறோம். ‘சும்மாதானே நிக்கிறே, போய்க் கடையில பால் வாங்கிட்டு வா’ என்கிறோம். நிற்பது சும்மா இல்லை. அது ஒரு வேலை. சந்தேகமிருந்தால் சுவருக்குப் பக்கத்தில் போய், இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். (தடுமாறினால் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.) சில விநாடிகளில் தெரியும். உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடுகிறது. கணுக்காலுக்குள் யாரோ விடாமல் இழுத்துப் பிடித்துச் சரிசெய்துகொண்டே இருக்கிறார்கள். கண் திறந்திருக்கும்போதும் இது நடக்கிறது, நாம் கவனிப்பதில்லை.

உடம்பு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி போகிறது. முதலாவது, கண். இரண்டாவது, உள்காது. அங்கே திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்களும், மேல் கீழ் எது என்று உணர்த்துகிற மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களும் இருக்கின்றன. மூன்றாவது, பாதம், கணுக்கால், முழங்கால் இவற்றிலிருந்து போகிற உணர்வு: தரை கெட்டியா மெத்தையா, சரிவா சமமா என்கிற தகவல். மூளை இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தசைக்கு உத்தரவு போடுகிறது. லேசாகச் சாய்ந்தால் கணுக்காலே சமாளித்துவிடும். இன்னும் கொஞ்சம் என்றால் இடுப்பு. அதையும் மீறினால் சட்டென்று ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும். அந்த ஒரு எட்டு நேரத்துக்கு வந்துவிட்டால், ‘அய்யோ, விழப் பாத்தேன்’ என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். அரை விநாடி தாமதமானால் ஆம்புலன்ஸ்.

இப்போது ராத்திரி 2 மணிக்கு பாத்ரூம் போக எழுந்திருக்கிற ஒரு 68 வயதுப் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அதனால் பாதத்தில் உணர்ச்சி பாதி போய்விட்டது. மூன்றாவது தகவல் காலி. யார் தூக்கமும் கெடக்கூடாதே என்று லைட் போடுவதில்லை. முதல் தகவலும் காலி. மிச்சம் இருப்பது காது மட்டும். அதுவும் 68 வயதுக் காது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்ததில் பிரஷர் சர்ரென்று இறங்குகிறது. முன்னிரவில் போட்ட தூக்க மாத்திரை இன்னும் ரத்தத்தில் இருக்கிறது. காலடியில் நைட்டி. வாசலில் நழுவுகிற மிதியடி. உள்ளே பளபள டைல்ஸில், கடைசியாகக் குளித்தவர் விட்டுப்போன சோப்புத் தண்ணீர்.

அவரிடம்தான் கேட்கிறோம், பாத்து நடக்கக் கூடாதா என்று. பார்ப்பது, ஐயா, மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் இரண்டு பங்குக்கு நாம் என்ன செய்தோம்?

ஆண்கள் விழுவதில்லையா? விழுகிறார்கள். ஆனால் பெண்கள் அதிகம் விழுகிறார்கள், விழுந்தால் அதிகம் உடைகிறார்கள். மாதவிலக்கு நின்றபிறகு ஈஸ்ட்ரோஜன் குறைய, எலும்பு வேகமாகக் கரைகிறது. தசை பலம் ஆணைவிடக் குறைவாகவே ஆரம்பித்து, குறைவாகவே முடிகிறது. இது உடம்பு. இதோடு நம் ஏற்பாடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் இருட்டில் வாசல் தெளித்து, அந்த ஈரத்திலேயே குனிந்து கோலம் போடுவது யார்? தீபாவளி வந்தால் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறிப் பெரிய பாத்திரத்தை இறக்குவது யார்? எல்லோரும் சாப்பிட்டபிறகு மிச்சத்தைச் சாப்பிட்டே அறுபது வயதைத் தொட்டது யார்? அப்பாவுக்கு முழங்கால் வலி என்றால் அன்றைக்கே ஸ்கேன். அம்மாவுக்கு என்றால் தைலம்.

இன்னொன்றும் நடக்கிறது. விழுந்ததை அம்மாக்கள் சொல்வதே இல்லை. எலும்பு உடையாவிட்டால் ரகசியம்தான். ஏன் தெரியுமா? சொன்னால் கோயிலுக்குத் தனியாக விடமாட்டீர்கள். மாடிப்படி ஏறக்கூடாது என்பீர்கள். ‘நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், பேசாம ஒரு இடத்துல உக்காரும்மா’ என்பீர்கள். பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாசம்தான் காலை முடக்குகிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நடமாட்டம் குறையும். நடமாட்டம் குறையக் குறையத் தொடைத் தசை கரையும். தசை கரைந்தால் அந்த ‘ஒரு எட்டு’ இன்னும் தாமதமாகும். மறுபடி விழுவார். ‘நான்தான் ரெஸ்ட் எடுக்கச் சொன்னேனே’ என்பீர்கள்.

டாக்டர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. தலைசுற்றுகிறது என்று போனால் ஒரு மாத்திரை. மூன்று மாதம் கழித்து அதே மாத்திரை. படுக்கையில் புரண்டால் மட்டும் உலகமே சுற்றுகிறது என்றால், அது பெரும்பாலும் உள்காதின் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிக் குழாய்க்குள் போன கேஸ். தலையை ஒரு வரிசைப்படி திருப்பித் திருப்பி வைத்தே அந்தத் துகளை வெளியேற்ற முடியும் என்று ஜான் எப்ளி என்ற டாக்டர் எழுதிய கட்டுரை 1992-இலேயே வந்துவிட்டது. சில நிமிட வேலை. பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடுகிறது. கற்ற டாக்டர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஆனாலும் எத்தனையோ அம்மாக்கள் மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரையைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாத்திரைகளில் சிலவற்றை நாள்பட எடுத்தால் கை நடுக்கமும் நடையில் தடுமாற்றமும் வரும் என்பது தனி வேடிக்கை.

தூக்க மாத்திரைக்கு வருகிறேன். நியூஸிலாந்தில் 65 வயது தாண்டிய 93 பேரை வைத்து ஒரு சோதனை; முடிவு வந்தது 1999-இல். ஒரு பகுதியினருக்குத் தூக்கத்துக்கும் மனசுக்கும் தருகிற மாத்திரைகளை டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். அவர்கள் விழுவது 66 சதவீதம் குறைந்தது. ஆனால் சோதனை முடிந்த ஒரே மாதத்தில், நிறுத்தியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பழைய மாத்திரைக்கே திரும்பிவிட்டார்கள்! அவ்வளவு சுலபமாக விடுகிற பழக்கம் இல்லை அது. (இதைப் படித்துவிட்டு நாளைக்கே அம்மாவின் டப்பாவைக் குப்பையில் போடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. டப்பாவோடு டாக்டரிடம் போய், ‘இதுல எது இன்னும் வேணும்?’ என்று கேளுங்கள். அவர் கடுப்பானாலும் கேளுங்கள்.) கேட்கிற கையோடு, நின்ற நிலையில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை. மேல் அளவு 20 இறங்கினால் அது கவனிக்க வேண்டிய விஷயம். சுத்த சைவமாக இருந்தால் பி12-உம் பார்த்துவிடலாம். அது குறைந்தால் பாதத்திலிருந்து தகவல் கொண்டுபோகிற நரம்புகள் கெடும். மூக்குக் கண்ணாடி பைஃபோகல் என்றால் அதையும் கவனியுங்கள். அதன் கீழ்ப்பாதி புத்தகம் படிக்கத்தான், படி இறங்க இல்லை.

‘அந்தக் காலத்துல எங்க பாட்டி அம்மியில அரைச்சா, கிணத்துல தண்ணி சேந்தினா, விழவே இல்லியே’ என்று ஒரு வாதம் இந்நேரம் கிளம்பியிருக்கும். விழுந்தார்கள். இடுப்பு உடைந்து திண்ணை ஓரத்தில் படுக்கையாகக் கிடந்து போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு ‘கீழ விழுந்தா, அதுலேருந்து எழுந்திருக்கவே இல்லை’ என்று ஒரு வரி மட்டும் மிஞ்சியது. அம்மியைத் திரும்பக் கொண்டு வந்து வைப்பது எந்தப் பெண்ணுக்கும் வைத்தியம் ஆகாது. அம்மி அரைத்துத் தோளும் இடுப்பும்தான் வலிக்கும். ஒற்றைக் காலில் நிற்க வராது.

‘எங்கம்மா தினம் வாக்கிங் போறாங்க சார்’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்லது, போகட்டும். இதயத்துக்கு நல்லது. ஆனால் வெறும் வாக்கிங் மட்டும் விழாமல் காப்பாற்றும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. 108 சோதனைகள், 23,000-க்கும் மேற்பட்டவர்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்து அலசிய காக்ரேன் ஆய்வு 2019-இல் வந்தது. பங்கேற்றவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். உடற்பயிற்சியால் விழுதல் 23 சதவீதம் குறைந்தது. அதில் நன்றாக வேலை செய்தவை சமநிலைப் பயிற்சிகள்; நிற்பது, எழுந்திருப்பது, திரும்புவது, எட்டி எடுப்பது போன்ற அன்றாட அசைவுகளைப் பழக்குகிற பயிற்சிகள்.

எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு 1997-இல் வந்தது. இதுவும் நியூஸிலாந்துதான், டனீடின் என்ற ஊர். முழுக்க முழுக்கப் பெண்கள், 233 பேர், எல்லோரும் எண்பதும் எண்பதுக்கு மேலும். இரண்டு பிரிவு. 116 பேருக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வந்தார். தினமும் இல்லை, முதல் இரண்டு மாதத்தில் நாலே தடவை. கணுக்காலில் சின்ன எடை கட்டிக் காலைத் தூக்குவது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நிற்பது, பின்பக்கமாக நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது... இப்படி அவரவர் பலத்துக்கேற்பச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். மற்ற 117 பேரைச் சும்மா விடவில்லை. அவர்கள் வீட்டுக்கும் அதே எண்ணிக்கையில் ஆள் போனார்கள். உட்கார்ந்து பேசினார்கள், நலம் விசாரித்தார்கள், வந்துவிட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். நலம் விசாரிக்கப்பட்டவர்கள் விழுந்தது 152 தடவை. பயிற்சி செய்தவர்கள் விழுந்தது 88.

எண்பது வயதுக்கு மேல்! ‘இனிமே என்னத்தப் போய்’ என்று நாம் கைகழுவுகிற வயதில்! நம் அம்மாக்களுக்கு நாம் தருவதெல்லாம் அந்த 117 பேருக்குக் கிடைத்ததுதான். சில வீடுகளில் அதுகூட இல்லை.

செலவுக் கணக்குக்கும் வருவோம், பி.காம். சும்மா இருக்காது. இடுப்பு எலும்பு முறிந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் சில லட்சங்கள். முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வருடம் முடிவதற்குள் இறந்துபோகிறார். பிழைத்தவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை. மத்திய அரசு 2024 அக்டோபரில் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்று விரிவாக்கியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பெட்டில் படுத்தால்தான் பாலிசி எழுந்து நிற்கும். இன்னும் விழாத ஒரு அம்மாவுக்கு நாலு தடவை பிசியோதெரபிஸ்ட்டை அனுப்ப வேண்டும் என்றால், அதற்கு எந்தப் பாலிசியைக் காட்டுவீர்கள்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆரம்பித்தபோது, பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடிப் போயின. வீட்டுக்கே போய்ச் செய்கிற பிசியோதெரபியும் அதில் சேர்ந்திருந்தது. உண்மையிலேயே நல்ல யோசனை. நான் கேட்பது இன்னும் ஒரு படி. மாத்திரை கொண்டு வருகிற பெண்மணி, வீட்டுக்குள் வந்ததும் ‘போன வருஷம் எத்தனை தடவை விழுந்தீங்கம்மா?’ என்று கேட்கட்டும். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி, வாட்ச்சைப் பார்க்கட்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் பெயரை எழுதிக்கொண்டு போய் பிசியோதெரபிஸ்ட்டிடம் கொடுக்கட்டும். இதற்கு மெஷின் வேண்டாம், டெண்டர் வேண்டாம். ஒருவேளை டெண்டர் வேண்டாம் என்பதாலேயே நடக்காதோ என்னவோ!

பஸ்ஸைப் பற்றி நிறையச் சொல்லலாம், இடமில்லை. 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆக்கினார்கள். ஆனால் முழங்கால் உயரத்தில் இருக்கிற முதல் படிக்கு எந்த அரசாணையும் வரவில்லை. 2024-இல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தன. உங்கள் ஸ்டாப்பில் பத்து பஸ்ஸுக்கு எத்தனை அப்படி வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அதில் ஏறிய பாட்டி உட்காருகிற வரைக்கும் விசில் கொடுக்காமல் இருக்கிற கண்டக்டர் எத்தனை பேர் என்பதையும் எண்ணுங்கள்.

சரி, அரசாங்கம் செய்கிறபோது செய்யட்டும். உங்கள் வீட்டுக்கு வாருங்கள். பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, ராத்திரி வழியில் ஒரு சின்ன விளக்கு, மிதியடிக்குப் பதிலாக நழுவாத ரப்பர் விரிப்பு. ஹாலுக்கு இத்தாலியன் மார்பிள் போட்டவர்கள்கூட அந்தக் கம்பியைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘அது ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே சார்’ என்கிறார்கள். கம்பி போடாத வீடு நிஜ ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் அந்த அழகைப் பார்க்கும்.

அப்புறம், பயிற்சி. முதலில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டி, எது முடியும் எது கூடாது என்று கேட்டுக்கொள்வது உத்தமம். பிறகு சமையல் மேடையே போதும். அதைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் நிற்க, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து 10 விநாடி நிற்கச் சொல்லுங்கள். வராவிட்டால் பாதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து ஆரம்பிக்கலாம். பால் பொங்குகிற நேரத்தில் முடிந்துவிடும். சில வாரம் போனபின், விரல் நுனியால் மட்டும் மேடையைத் தொட்டுக்கொண்டு நிற்பார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘அதெல்லாம் அம்மா செய்ய மாட்டாங்க சார், ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க’ என்பீர்கள். விட்டுவிடுவார்கள்தான். டனீடின் பாட்டிகளும் விட்டிருப்பார்கள். அதனால்தான் நாலு தடவை வந்துபோனபிறகு அவர்களை அப்படியே விடாமல், வருடம் முழுக்க அவ்வப்போது போன் செய்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்கு போன் போடுகிறவர்கள் இருக்கிறீர்களே, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சீரியல் பாத்தியா என்று வரிசையாகக் கேட்கிறீர்களே... அதோடு ‘இன்னிக்கு மேடையைப் புடிச்சுக்கிட்டு எத்தனை விநாடி நின்னே?’ என்றும் கேளுங்கள். முதல் வாரம் சிரிப்பார். இரண்டாவது வாரம், ‘போடா, வேற வேலை இல்ல’ என்பார். மூன்றாவது வாரம், நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே எண்ணிக்கையைச் சொல்வார்.